அஞ்சாம் நம்பர் கால்

தம்பி மனைவியின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி, மனசுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு எடுத்தாள் காலக்கா. பள்ளம் விழவில்லை. புறங்காலில் அழுத்திப் பார்த்தாள், அங்கேயும் விழவில்லை. உடம்பில் நீர் கோத்திருந்தால் பிசைந்த மாவில் விரல் பதிந்ததுபோல ஒரு குழி நிற்கும்; அது மேலே எழும்பி வருவதற்குள் நமக்கு ஒரு கொட்டாவி வந்து போய்விடும். இங்கேயோ விரலை எடுத்த கையோடு தோல் சமமாகிவிட்டது. சந்தேகத்துக்கு இடது காலையும் பார்த்தாள். அங்கேயும் அதே கதைதான்.

"என்னக்கா, வீக்கம் இருக்கா?" மூன்று மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்த தம்பி மனைவி கேட்டாள்.

"இல்ல."

"அப்பாடா! வடிஞ்சிடும் வடிஞ்சிடும்னு நீ சொல்லிட்டே இருந்த. உன் வாய் முகூர்த்தம் பலிச்சிடுச்சு பாரு."

காலக்கா அந்தக் காலை மறுபடி பார்த்தாள். வீக்கம் இல்லையென்றால், துண்டின்மேல் சற்றே அகன்று, சற்றே நீண்டு கிடக்கிற இதுதான் இனிமேல் கால். வடிவதற்கு இதில் எதுவும் மிச்சமில்லை. பதினோரு மணிக்குச் செருப்புத் தொழிற்சாலையில் இந்தக் காலை அளவெடுக்கப் போகிறார்கள், இப்போது எட்டரை. பார்லர் திறக்க நேரம் இருந்தது. முதலாளியம்மாவிடம் சாவி வாங்கி ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு இருவரும் குனிந்து உள்ளே வந்திருந்தார்கள்.

காலக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது அந்தப் பார்லரில் முடி வெட்டுகிற பெண். முடிக்கு ஒருத்தி, முகத்துக்கு ஒருத்தி, காலுக்கு இவள். ஊரில் எல்லோரும் காரியம் ஆகவேண்டும் என்றால் அடுத்தவர் காலைப் பிடிப்பார்கள், இந்த அக்காவுக்குக் காலைப் பிடிப்பதே காரியம் என்று அந்தப் பெண் நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாமல் இருக்கமாட்டாள். பதினான்கு வருஷத்தில் எத்தனையோ கால்கள் இவள் மடிக்கு வந்து போயிருக்கின்றன. குதிகால் வெடிப்பைப் பார்த்தால் நாளெல்லாம் ஈரத்தரையில் நிற்கிறவளா என்று சொல்லிவிடுவாள். சுண்டுவிரல் ஓரத்துக் காய்ப்பைப் பார்த்தால் அழகுக்காக ஒரு நம்பர் குறைத்துச் செருப்பு வாங்குகிறவளா என்று தெரிந்துவிடும். முகம் பொய் சொல்லும், கால் சொல்லாது. இத்தனை பார்த்தும் அவளுக்குச் சலிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு பாதத்துக்கு இருபத்தாறு எலும்பு. ஒரு மனுஷியின் மொத்தக் கனத்தையும் ஒரு சாண் இடத்தில் தாங்கிக்கொண்டு வாயே திறக்காமல் ஆயுசு முழுக்க நடக்கிறதே என்று, டப்பிலிருந்து எடுத்த ஈரக்காலைப் பார்த்தபடி சில சமயம் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். வந்தவர்கள் தங்களுக்கு ஏதோ பெரிய வியாதி என்று பயந்துவிடுவார்கள்.

அவள் பார்த்ததிலேயே அழகான கால் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. தம்பி தனக்குப் பிடித்த பெண்ணை முதல் தடவை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். இவள் வாசலில் செருப்பைக் கழற்றிய காலைப் பார்த்தாள். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை படிக்கட்டு இறங்குவதுபோல ஒழுங்கான வரிசை. உள்வளைவில் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிடலாம். குதிகால் உரித்த முட்டை மாதிரி. அப்போது அந்தப் பெண் செருப்புத் தொழிற்சாலையில் பசை தடவும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமான அடுத்த மாதமே அங்கிருந்த அளவு மாஸ்டர், மாதிரி பார்க்க ஐந்தாம் நம்பர் கால் வேண்டுமென்று ஒவ்வொருத்தியாக நிற்கவைத்து அளந்தார். அந்தப் பெண்ணின் காலை அளந்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தாராம். இருநூற்று நாற்பது மில்லிமீட்டர். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அன்றிலிருந்து ஆறு வருஷமாக அவளுக்கு அங்கே அஞ்சாம் நம்பர் என்றுதான் பெயர். ஜன்னல் வைத்த ஓர் அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். புதுச் செருப்பு எது தைத்தாலும் முதல் ஜோடி அவள் காலில்தான் ஏறும். பத்து அடி நடந்து காட்டி, எங்கே கடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று சொல்வாள். அவள் சரி என்றால்தான் மற்ற நம்பர்களை அதிலிருந்து கூட்டிக் குறைத்து வெட்டுவார்கள். எங்கேயோ முன்பின் தெரியாத தெருவில் எவளோ ஒருத்தி போட்டு நடக்கிற செருப்புக்குள் தன் தம்பி மனைவியின் கால் இருக்கிறது என்று நினைத்தால் காலக்காவுக்குப் புல்லரிக்கும். பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கால்களைத் தன் மடியில் வைத்து நகம் வெட்டி, கல்லால் தேய்த்து, க்ரீம் தடவி விடுவாள். நாத்தனாரே தன் காலைப் பிடித்துவிடுகிற பாக்கியம் உலகத்தில் எவளுக்குக் கிடைக்கும் என்று தம்பி கிண்டல் செய்வான்.

பிறகு வயிற்றில் குழந்தை வந்தது. ஆறாம் மாதத்தில் ஒருநாள் எந்தச் செருப்பும் ஏறாமல் அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் காலக்கா வாயைக் கொடுத்தாள்.

"லூசு, வெறும் நீர்டீ இது. பெத்து எந்திரிச்சா தானா வடிஞ்சிடும். நான் எதுக்கு இருக்கேன்?"

இந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவள் மாஸ்டரிடம் போய், குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் அதே காலோடு வருகிறேன், என் இடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். அவரும் வைத்திருந்தார். ஜன்னல் அறையென்றால் குழந்தையைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், பசித்தால் பால் கொடுக்கலாம். அது போனால் பழையபடி பசை வரிசை. ஒன்பது மணி நேரம் நின்றபடி வேலை, தலைமுடி வரை ஏறுகிற நெடி. அங்கே கைக்குழந்தையை வாசலில்கூட விடமாட்டார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது காலக்காவுக்குத் தெரியாததில்லை. பிரசவம் முடிந்து வயிறு இறங்கியது, முகம் பழையபடி ஆனது, கால் மட்டும் அசையவில்லை. குளிர்ந்த தண்ணீரில் வைத்தாள், தலையணை அடுக்கித் தூக்கி வைத்தாள், விரல் நுனியிலிருந்து முழங்கால் வரை மேல்நோக்கி நீவினாள், பேண்டேஜ் துணி சுற்றினாள். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்று இவள் சொல்வதும், ஆமாமா என்று அவள் தலையாட்டுவதுமாக மூன்று மாதம் ஓடிவிட்டது.

இப்போது டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டு அந்தக் கால்களை உள்ளே இறக்கினாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மேலே குழந்தையின் மூக்கைத் தடவிக்கொண்டிருந்த முகத்தில் ஆறு மாதத்துக்கு அப்புறம் ஒரு நிம்மதி தெரிந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது. பெரிய கெட்டிக்காரி என்று பெயர், ஒரு உண்மையைச் சொல்லத் துப்பில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு நகவெட்டியை எடுத்தாள்.

அன்றைக்குச் செய்த மாதிரி அவள் யாருக்கும் செய்ததில்லை. நகங்களை நேர்கோட்டில் வெட்டி மூலைகளை அரத்தால் மழுக்கினாள். ஊறிய நகத்தோலை மரக்குச்சியால், தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்குவதுபோலத் தள்ளினாள். குதிகாலைக் கல்லால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். கை வேலை செய்ய, மனசு வேறெங்கோ போயிற்று. குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் என் பழைய செருப்பு ஒண்ணுகூடச் சேரமாட்டேங்குது என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! பத்துப் பேரா, ஐம்பது பேரா? வெயிட் போட்டிருப்பீங்க என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டு அடுத்த விரலுக்குப் போயிருக்கிறாள். காலைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவேன் என்று மார்தட்டியவள், கால்காரி தன் வாயாலேயே சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

உள்ளங்காலில் க்ரீமை வைத்துக் கட்டைவிரலால் நீவினாள். எலுமிச்சம்பழம் உருண்ட இடம் இறங்கியிருந்தது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருந்த இறுக்கம் தளர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்திருப்பது விரலுக்குத் தெரிந்தது. பிள்ளைக்கு வயிறுதான் இடம் கொடுக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இல்லை. இடுப்பிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் முடிச்சு முடிச்சாக அவிழ்ந்து வழி விட்டிருக்கிறது. யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல். அம்மாடியோவ் என்று மெல்ல, தனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொண்டாள்.

"அக்கா, ரொம்ப நாள் கழிச்சு என் காலு என் காலு மாதிரியே இருக்கு" என்றாள் தம்பி மனைவி. நகப்பூச்சு காய்வதற்காகக் காலை நீட்டி விரல்களை விரித்துப் பார்த்துச் சிரித்தாள்.

தொழிற்சாலை மாடியில் மாஸ்டர் கழுத்தில் டேப்போடு காத்திருந்தார். மனுஷர்களின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். வணக்கம்கூடக் காலுக்குத்தான் சொல்வார் என்று பெயர். "வாம்மா அஞ்சாம் நம்பர்" என்று அவள் பாதத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குழந்தைக்காக மின்விசிறியைக் குறைத்தார். குழந்தையைக் காலக்கா வாங்கிக்கொண்டாள்.

புதுச் செருப்பின் முதல் ஜோடியை அவரே குனிந்து போட்டுவிட்டார். விரல்கள் போயின. குதிகால் விளிம்பில் நின்றது. கொஞ்சம் அழுத்தினாள். நின்ற இடத்திலேயே நின்றது. பித்தளை அளவுகோலை எடுத்து நகர்த்தி அளந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். மூன்றாவது தடவையும் அளந்தார்.

"இருநூத்தி நாப்பத்தாறு."

"வீக்கமா இருக்கும் சார்" என்றாள் அவள் அவசரமாக. "கொஞ்சம் நேரம் காலைத் தூக்கி வெச்சா... அக்கா, நீயே சொல்லேன்."

காலக்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வீக்கம் இல்லடீ. காலு வளந்திருக்கு. இனிமே இவ்ளோதான்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"காலைல. அமுக்கிப் பாத்தப்போ."

"அப்புறம் எதுக்கு ரெண்டு மணி நேரம் தேச்ச?"

"நான் சொன்ன சொல்லுதானே உன்னை இங்க கொண்டுவந்து நிறுத்திச்சு. சொல்ல வாய் வரல. கைதான் வந்துச்சு."

பசை வரிசை இருக்கிற கீழ்த்தளத்திலிருந்து மெஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது. தம்பி மனைவியின் கண்ணில் நீர் நிறைந்து, விழாமல் நின்றது. மாஸ்டர் எதையும் கேட்காதவர்போல ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் விரித்து, "ஏறி நில்லும்மா" என்றார். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றி வரைந்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். ஆறு வருஷமாக ஆறு மாதத்துக்கு ஒன்றாக வரைந்தவை. மெல்லிய காகிதம். எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இன்று வரைந்ததை அடியில் வைத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார்.

பழைய கோடுகள் பன்னிரண்டும் ஒரே கோடாக இருந்தன. அதைச் சுற்றி, கொஞ்சம் தள்ளி, புதுக் கோடு. இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் ஒரு பட்டையாகக் காலைச் சுற்றி ஓடியது.

"முப்பது வருஷமா அளக்கறேன்" என்றார் மாஸ்டர், முதல் தடவையாகக் காலை விட்டு முகத்தைப் பார்த்து. "மாதிரிக்கு வந்த பொண்ணுங்க ஒவ்வொருத்தியும் மாசமானதும் போயிட்டாங்க. யாரும் திரும்பி வந்து அளவு குடுத்ததில்ல. நானும் கூப்பிட்டதில்ல. பிள்ளை பெத்தவ காலை நான் இன்னிக்குத்தாம்மா வரையறேன்." மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை வா. இந்த ரூமா, கீழ பசை வரிசையான்னு மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்றேன். எனக்கே தெரியல."

அவர் காகிதங்களை ஜன்னலில் ஒட்டிவிட்டு வெளியே போனார். தம்பி மனைவி எழுந்து, வெறுங்காலோடு ஜன்னலண்டை வந்து நின்றாள். தன் காலைப் பார்ப்பதுபோல இல்லை, யாரோ பெரிய மனுஷியின் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கட்டைவிரலுக்கு மேலே அந்த வெளிச்சப் பட்டை எவ்வளவு அகலம் என்று விரலால் தொடப் போனவள், கையை இழுத்துக்கொண்டாள். பிறகு காலக்காவின் தோளில் கிடந்த குழந்தையின் காலை மெல்லப் பிடித்துத் தூக்கி, அதன் கட்டைவிரலை அந்த இடைவெளியில் வைத்தாள்.

குழந்தையின் நகம் பழைய கோட்டில் தொடங்கிப் புதுக் கோட்டில் முடிந்தது. காகிதத்தின் பின்னாலிருந்து வந்த வெயில் பட்டு அது இளஞ்சிவப்பாக எரிந்தது.