மூன்று துண்டு கேபிள்

மாசானத்துக்கு வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. நேற்றெல்லாம் கான்கிரீட் மூடி தூக்கிய வலி. கையை உயர்த்தி பீடி பற்றவைக்க முடியாமல், தலையைத் தாழ்த்தி நெருப்பருகே கொண்டுபோனான். ஒரகடம் சாலையோரத்து அதே மூடியை இன்றைக்கும் தூக்க வேண்டும். அதிகாரி பார்க்க வருகிறார்.

மூடிக்குக் கீழே நாலு குழாய். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் அரசாங்கம் போட்டது. போன வருஷம் குழி வெட்டிப் புதைத்தவர்களில் மாசானமும் ஒருவன். கம்பெனிக்குக் கம்பெனி ரோட்டை வெட்ட வேண்டாம். பெரியவனோ சின்னவனோ, வாடகை கட்டுகிறவன் இதன் வழியே இன்டர்நெட் கேபிள் இழுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பெரிய கம்பெனி ஒன்று முதலில் வந்து ஒரு குழாயில் இழுத்தது. மற்ற மூன்றில், அடுத்து வருகிறவன் கேபிளை முடிந்து இழுப்பதற்காக மாசானம் விட்ட மஞ்சள் நைலான் கயிறு மட்டும் கிடந்தது.

அடுத்து வந்தவள் செங்கமலம், உள்ளூர்க்காரி. கரண்ட் கம்பம் வழியாக ஒயர் இழுத்து, வெளியூர்ப் பிள்ளைகள் தங்கும் முந்நூறு அறைகளுக்கு நெட் கொடுக்கிறாள். மாசானத்தின் அறையும் அதில் ஒன்று. கம்பத்து ஒயரையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் இறக்கச் சொல்லி உத்தரவு. குழாய் கிடைத்தால் அவளுக்குத் தொழில் உண்டு. கிடைக்காவிட்டால் முந்நூறு அறையும் பெரிய கம்பெனி கையில். அவன் வைத்ததுதான் ரேட்டு.

நேற்று அந்தக் கம்பெனியின் காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் சிவசங்கர் மூன்று துண்டு கேபிள் கொண்டுவந்தான். துண்டு பத்தடி.

"கயித்த உள்ள தள்ளிட்டு பைப்புக்கு ஒண்ணா சொருகு. வாய நல்லா அடச்சிடு."

"இதுல ஒண்ணும் ஓடாதே, சார்?"

"உன் வாயி ஓடாம இருந்தா போதும். ஓடிச்சுன்னா நாளைலேர்ந்து ஆளேத்தற வண்டில உனக்கு எடம் கெடையாது."

மாசானம் சொருகினான்.

பத்து மணிக்கு, குழாய் கேட்டு மனு கொடுத்திருந்த செங்கமலத்தோடு அதிகாரி வந்தார். குனிந்து பார்த்தார். "நாலுலயும் கேபிள் இருக்கேம்மா."

"ஒண்ணுதான் சார் நெசம். அடுத்த குழியத் தொறந்து பாருங்க."

"இப்படியே ஒரகடம் வரைக்கும் தொறந்துகிட்டே போகணுமா? எனக்கு வேற வேலை இல்லையா?"

செங்கமலம் குழிக்குள் கையை விட்டாள். சிவசங்கர் குறுக்கே விழுந்தான். "தொடாதக்கா! அறுந்துதுன்னா ரெண்டு ஃபேக்டரி நிக்கும். நீ குடுப்பியா நஷ்டம்? இன்னா, எக்ஸ்ரே கண்ணா உனக்கு?"

"எக்ஸ்ரே எதுக்குடா, உன் மூஞ்சே சொல்லுது." அவள் மாசானத்தின் பக்கம் திரும்பினாள். "நீதான பைப்பு பொதச்சே. சாருக்குச் சொல்லு. உள்ள இன்னா கீது?"

இரண்டு விரல் போதும். பிடித்து இழுத்தால் முள்ளங்கி போல வந்துவிடும். அதற்குத் தோள் வலி தடையில்லை. சிவசங்கர் அவனைப் பார்க்கவில்லை. ஆட்களை ஏற்றிவந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பொதச்சதோட சரிக்கா," என்றான் மாசானம். "பொறவு நான் என்னத்தக் கண்டேன்?"

அதிகாரி ஜீப் பானட்டில் வைத்து 'இடமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூடியைத் திரும்பத் தூக்கியபோது மாசானத்துக்குத் தோளில் சுருக்கென்றது. கை நழுவப் பார்த்தது. மறுமுனையை வந்து பிடித்தவள் செங்கமலம்.

"ஒத்தத் தோள்ல இன்னாத்துக்கு இழுக்கற?" மூடி உட்கார்ந்ததும் கையைத் தட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம ஒயரு எறக்கணும். உனக்கு லீவுதான? வந்துரு, கூலி குடுத்துடறேன். உன் ரூமுலேர்ந்தே ஆரம்பிக்கலாம்."

அவன் தலையாட்டினான். அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிப் போனாள்.

வண்டியில் அவனுக்கு இடம் கிடைத்தது, ஜன்னலோரம். ஞாயிற்றுக்கிழமை வலித்த தோளோடு கம்பம் கம்பமாக ஏறி முந்நூறு அறைக்கும் ஒயரை இறக்கிக் கொடுத்தான். கூலி வேண்டாம் என்றான். அவள் விடாமல் சட்டைப் பையில் செருகினாள்.

மூன்று குழாய் காலி, அடைத்தது நான்தான் என்ற ஒரு வார்த்தையை மாசானம் செங்கமலத்திடம் இன்னும் சொல்லவில்லை.