பெடல் இறங்குதா

டீசல் எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் சங்கிலியும் இன்னொரு கையில் கடப்பாரையுமாக நான் நின்றிருந்தேன். என் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் டார்ச் அடித்தபடி, "இன்னும் ஒரு விரக்கடை எறக்கு" என்றார்.

"எந்த விரல்?"

"சுண்டு விரல்."

இறக்கினேன். மவுண்ட் துளைக்குள் போல்ட் போகவில்லை. "இப்ப கொஞ்சம் ஏத்து" என்றார். நாலு வாரமாக இதே கதைதான். ஏற்று, இறக்கு, தள்ளு, பிடி, விடு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனிதர் என் கையை இவ்வளவு உற்றுப் பார்த்ததே இல்லை. இப்போது பார்க்கிறார், அதுவும் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானருக்குப் பதில் பதின்மூன்றை எடுத்துவிட்டேனா என்று.

பத்து மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் பாதி திரும்பியது. பேச்சும் திரும்பியது, கொஞ்சம் மெதுவாக. வலது கை மட்டும் வரவே இல்லை. பேச்சு வந்ததே பெரிய விஷயம் என்றார் டாக்டர். அவர் எங்கள் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் இவர்தான் இந்த ஷெட்டின் தலைமை மெக்கானிக். ஷெட் என் அண்ணனுடையது. இவரைக் 'காது' என்றுதான் அங்கே எல்லோரும் கூப்பிடுவார்கள். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அதன் சத்தத்தை வைத்து, என்ன வியாதி, எத்தனை நாளாக என்று சொல்லிவிடுவார். கை போன பிறகும் ஆட்கள் வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "காது, கொஞ்சம் கேட்டுச் சொல்லு" என்பார்கள். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்பார். அந்தப் பத்து நிமிஷம் என் வீட்டில் நோயாளி யாரும் இருக்க மாட்டார்.

இந்த எஞ்சின் ஏறப்போகும் வேன் என் வேலைக்கானது. ஆளுயரக் கூரை, பின்னால் ஒரு சின்ன அறையே இருக்கும். மூன்று மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை சலவைக்கூடத்துக்கும், சலவைக்கூடத்திலிருந்து திரும்பவும் கொண்டுபோவேன். பதினோரு வருஷம் உழைத்த அதன் பெட்ரோல் எஞ்சின் ஒரு நாள் பாதி வழியில் வயிற்றில் ஓட்டை விழுந்து செத்துப்போனது. இதே மாடலில் பக்கவாட்டில் அடிபட்டு நொறுங்கிய ஒரு பழைய டீசல் வேனை அண்ணன் தேடிப் பிடித்தான். அதன் எஞ்சின் நன்றாக இருந்தது.

"மாப்ள ஒக்காந்து சொல்லட்டும், நீ செய்" என்றான் அண்ணன். "இந்த வண்டி நல்லபடியா வெளிய போச்சுன்னா, ஒண்ணாந்தேதியிலேருந்து மாப்ளயே ஷெட்ட பாத்துக்கட்டும். கை எதுக்கு, மூளை போதும்."

இதை அவன் தானாகச் சொல்லவில்லை. நான் போய் நின்று கேட்டு வாங்கினேன். அது என் கணவருக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தார். நாற்காலியை ஜன்னலோரத்திலிருந்து ஷெட்டுக்கு மாற்றிவிட வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவர் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு வருஷம் கூடுதலாகக் கிழடாகிக்கொண்டிருந்தார். நானும்தான்.

காலையில் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடிப்பேன். மாதக் கடைசிவரை, விரிப்பு கொண்டுபோகும் என் ஓட்டத்தை வேறு யாருக்கும் தரமாட்டோம் என்றிருந்தார்கள். மத்தியானம் ஷெட்டின் பின்பக்கம். பெட்ரோல் டாங்கைக் கழற்றிக் கழுவினேன். வயர்களில் ஒவ்வொன்றாகக் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதினேன். சைலன்சர் குழாயை வெட்டி, ஒட்டி, மறுபடி வெட்டினேன். டீசல் எஞ்சின் கனம் கூடுதல் என்பதால் முன் ஸ்பிரிங்கை மாற்றினேன். ராத்திரி படுத்தால் முதுகு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கும். "நாளைக்கு ரேடியேட்டர்" என்பார் இருட்டில். "நாளைக்கு நான் சாவுறேன்" என்பேன். "ரேடியேட்டர மாட்டிட்டு" என்பார்.

அப்படித்தான் ஆல்டர்னேட்டர் நாளும் வந்தது. பாட்டரிக்குக் கரண்ட் ஏற்றுவது அதுதான். டீசல் எஞ்சினோடு வந்த ஆல்டர்னேட்டர் துருப்பிடித்துக் கரகரவென்றது. எங்கள் வண்டியில் இருந்தது வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"நம்மளோடத மாட்டு" என்றார்.

மாட்டினேன். பொருந்தியது. ஆனால் துருப்பிடித்த பழையதன் முதுகில் இன்னொரு சின்ன உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினிலிருந்து ஒரு ஆயில் குழாய் அதற்குள் போயிற்று. புதியதில் அந்த உருண்டையே இல்லை.

"இது என்னது? ஆயில் பைப் வருது, எங்க குடுக்கறது?"

டார்ச் வெளிச்சம் குழாய் மேல் கொஞ்ச நேரம் நின்றது. "அது வேண்டாம். போல்ட் போட்டு அடச்சிடு."

"அப்ப இந்த ஹோஸ்? பிரேக்லேருந்து வர்றது?"

"முன்ன எங்க இருந்துச்சு?"

"பழைய எஞ்சின்ல, காத்து உள்ள போற குழாய்ல."

"அங்கயே குடு. சொல்றேன்ல."

சொன்னார், கொடுத்தேன். எனக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் அன்றைக்குக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் "சொல்றேன்ல" என்றுதான் பதில் வந்தது, எனக்கும் அலுத்துவிட்டது. துருப்பிடித்ததைத் தூக்கி மூலையில் இருந்த இரும்புக் குவியலில் போட்டேன்.

முதல் முறை எஞ்சினைக் கிளப்பிய சாயங்காலம் ஷெட்டே வந்து சுற்றி நின்றது. இரண்டு தடவை இருமியது, கருப்பாகப் புகை விட்டது, பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். என் கணவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மூணாவது இன்ஜெக்டர்" என்றார். "லேசா பிந்துது."

டீசல் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பார்த்தோம். மூன்றாவதுதான். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு முதுகு வலிக்கவே இல்லை.

மறுநாள் காலை அண்ணன் உதிரிபாகம் வாங்க வெளியே போயிருந்தான். நாங்கள் இருவரும் வேனைத் தெருவுக்கு எடுத்தோம். நான் ஓட்டினேன், அவர் இடது பக்க இருக்கையில். வண்டிக்கு நல்ல இழுவை இருந்தது. தெரு காலியாக இருந்ததால் பிரேக்குக்கு வேலையே வரவில்லை. அவர் இரண்டு மூன்று தடவை சிரித்தார், வாய் ஒரு பக்கமாக. கால்வாய்ப் பாலம் தாண்டி இறக்கத்தில் திரும்பினோம். கீழே சிக்னலில் ஒரு பஸ் நின்றிருந்தது.

பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்லாக இருந்தது.

இன்னும் அழுத்தினேன். வண்டி கொஞ்சம் யோசித்தது, நிற்கவில்லை. இரண்டு காலையும் பெடல் மேல் வைத்து இருக்கையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக ஒரு பள்ளிக்கூடப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹேண்ட் பிரேக்" என்று கத்தினேன். ஹேண்ட் பிரேக் எங்கள் இருவருக்கும் நடுவில், அவருடைய வலது கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் தோள் குலுங்கியது. கை மடியிலேயே கிடந்தது. அந்தக் கையால்தான் இழுக்கப் பார்த்தார். அது வராது என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டார். பிறகு உடம்பைத் திருகி இடது கையால் எட்டி இழுத்தார்.

பஸ்ஸின் பம்பரை எங்கள் பம்பர் தொட்டு நின்றது. தொட்டதுதான், இடிக்கவில்லை. பஸ் டிரைவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பச்சை விழுந்ததும் போய்விட்டார். அந்தப் பெண் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வண்டியை ஓரங்கட்டினேன். அழுகை வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் முந்திக்கொண்டது.

"அன்னிக்கே கேட்டேன்ல? அந்த ஹோஸ் எங்க போகுதுன்னு கேட்டேன்ல?"

அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேக்குவம் பம்ப்" என்றார்.

"என்னது?"

"அந்த உருண்டை. ஆல்டர்னேட்டர் முதுகுல இருந்தது." நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "பெட்ரோல் எஞ்சின் மூச்ச இழுக்கும். அந்த இழுப்புலதான் பிரேக்குக்கு பலம். டீசலுக்கு அந்த இழுப்பு கெடையாது. அதுக்குன்னு தனியா ஒரு பம்ப். அதத்தான் கழட்டிப் போட சொன்னேன்."

இது ஷெட்டில் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும் என்றார். பத்து மாதத்துக்கு முன்னால் இந்தத் தப்பை யாராவது செய்திருந்தால் இவர் அந்த ஆளை ஒரு வாரம் சும்மா விட்டிருக்க மாட்டார். எனக்கு அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை. கை மட்டும்தான் போயிற்று என்று இருவரும் இவ்வளவு நாள் நம்பிக்கொண்டிருந்தோம். நானாவது நம்பினேன்.

முதல் கியரிலேயே, ஹேண்ட் பிரேக்கை நம்பி, நடை வேகத்தில் ஷெட்டுக்குத் திரும்பினோம். அண்ணன் இன்னும் வரவில்லை. மற்றவர்கள் முன்பக்கம் ஒரு லாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இரும்புக் குவியலுக்குள் தலையை விட்டுத் துருப்பிடித்த ஆல்டர்னேட்டரைத் தேடி எடுத்தேன். குழாயில் அடைத்த போல்ட்டைக் கழற்றினேன், பிரேக் ஹோஸை அந்த உருண்டையில் மாட்டினேன். இந்தத் தடவை அவர் "சொல்றேன்ல" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, "சரியா இருக்கா பாரு" என்றார். அதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. அதற்கு அந்த அதட்டலே தேவலை.

மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசியில், "பெடல்ல கால வச்சிட்டு ஸ்டார்ட் பண்ணு" என்றார். "எஞ்சின் பிடிச்சதும் பெடல் தானா கொஞ்சம் எறங்கணும். எறங்கினா பிரேக்குக்கு பலம் வந்துடுச்சுன்னு அர்த்தம்."

கிளப்பினேன். என் காலுக்கடியில் பெடல் மெல்ல இறங்கியது.

"எறங்குதா?"

"எறங்குது."

"நேத்தே கேட்டிருக்கணும்" என்றார். "எந்த வண்டியும் இத பாக்காம நான் வெளிய விட்டதில்ல."

ஆல்டர்னேட்டர் கரகரத்தது. கரகரக்கட்டும். நான் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தேன்.

"யாருக்கும் தெரியாது" என்றேன். "அண்ணன் கேட்டா வண்டி நல்லா ஓடுதுன்னு சொல்லிடறேன். பொய்யும் இல்ல, இப்ப ஓடுது."

"நீ சொல்லிடுவ."

"ஆமா, சொல்லிடுவேன். ஆறு வாரம் முதுகு ஒடிஞ்சது எனக்கு. ஒண்ணாந்தேதி நீங்க அந்த நாற்காலியில ஒக்காரணும். எனக்கு முடியல. வீட்டுல உங்களயும் பாத்து, வெளிய வேலையும் பாத்து எனக்கு முடியல."

இதை நான் பத்து மாதத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்ன பிறகு, சொன்னதற்காக அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவர் இடது கையை என் தலைமேல் வைத்தார். கையெல்லாம் கிரீஸ். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இன்னிக்கு ஓட்டினது நீ" என்றார். "நாளைக்கு வேற ஒருத்தன் பொண்டாட்டி ஓட்டுவா."

நாலு மணிக்கு அண்ணன் வந்தான். வேனைச் சுற்றி வந்து பானட்டைத் தட்டினான். "என்ன மாப்ள, ஓட்டிப் பாத்தாச்சா? எப்படி?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார். உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம். நின்றுதான் சொன்னார். பம்ப்பை, ஹோஸை, இறக்கத்தை, பஸ்ஸை, ஒன்றையும் விடவில்லை. பேச்சு குழறிய இடத்தில் நிறுத்தி மறுபடி சொன்னார். முன்பக்கம் லாரியில் வேலை செய்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். "விடு மாப்ள. இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதான்."

"எனக்கு வராது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்ப வருது" என்றார்.

முன்பக்கம் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது.

"காது இருக்கு மச்சான். சத்தம் கேட்டு சொல்லிடுவேன், அதுல சந்தேகம் இல்ல. ஆனா நான் சொன்னத இன்னொருத்தர் பாத்து சரின்னு சொல்லாம வண்டி வெளிய போகக்கூடாது. அதுக்கு ஒத்துக்கறதா இருந்தா ஒண்ணாந்தேதி வர்றேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வேனைப் பார்த்தேன். "சரி மாப்ள" என்றான். "யோசிச்சு சொல்றேன்."

எங்கள் குடும்பத்தில் யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், இருபத்திரண்டு வருஷமாக மாப்பிள்ளை.

திங்கட்கிழமையிலிருந்து விரிப்பு ஓட்டம் மறுபடி தொடங்கியது. ஒன்றாம் தேதி வந்தது, போயிற்று. அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் போய் நிற்கவில்லை. அவர் இப்போது என்னோடு வேனில் வருகிறார். தனியாக வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய என்றார், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூட்டை தூக்க அவரால் ஆகாது. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் வண்டிகளின் சத்தத்தைக் கேட்டு, இது இன்னும் ஒரு மாசம், அது இன்னும் ஒரு வாரம் என்று ஆயுசு கணித்துக்கொண்டு வருவார். சில நாள் எனக்குத் தலைவலிக்கும். வாயை மூடுங்கள் என்பேன். மூடமாட்டார்.

காலையில் ஏறியதும் சீட் பெல்ட்டை இடது கையால் இழுத்து மாட்டப் பார்ப்பார். இரண்டு மூன்று தடவை தவறும். முன்பெல்லாம் நானே பிடுங்கி மாட்டிவிடுவேன். இப்போது சாவியில் கை வைத்தபடி காத்திருக்கிறேன். மாட்டி முடித்ததும் நான் பெடலில் கால் வைத்து எஞ்சினைக் கிளப்புவேன்.

"எறங்குதா?" என்பார்.

இறங்குவதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். இருந்தாலும் நான் வாய்விட்டுச் சொல்லும்வரை கியர் போட விடமாட்டார்.

"எறங்குது" என்பேன். பிறகுதான் கிளம்புவோம்.