ஒத்துப்போன எண்

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பஸ் பணிமனையின் பதிவு அறையில் நிற்க இடம் இருக்காது. பஸ்ஸின் முன்பக்கக் கேமராவிலிருந்து கழற்றிய மெமரி கார்டுகளோடு டிரைவர்கள் வரிசையில் நிற்பார்கள். பதிவு எழுத்தரான அவள் ஒவ்வொன்றாகக் கார்டு ரீடரில் செருகி, வீடியோவைக் கணினிக்கு நகலெடுத்து, கார்டை அழித்துத் திருப்பிக் கொடுப்பாள். அது கேமராவுக்குத் திரும்பினால்தான் பஸ் நகரும்.

கூட்டம் கலைந்த பிறகு கறுப்புத் திரையில் செக்சம் கட்டளையைத் தட்டுவாள். அது கோப்பை முழுக்கப் படித்து, எழுத்தும் எண்ணுமாக நீளமான ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தரும். கோப்பில் ஒரு துளி மாறினாலும் எண் மாறிவிடும். அதைப் பதிந்துவைத்து மறுபடி சோதித்தால், வரிக்கு வரி ‘ஓகே’ வரும்.

வராமல் எங்கே போகும்? முறைப்படி அந்த எண்ணைக் கார்டில் இருக்கும் மூலக் கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், டிரைவர்கள் கத்துவார்கள் என்று, அவளுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் நகலிலிருந்தே எடுத்துப் பழகிவிட்டார். முன்னேர் போன வழியே அவளும் போனாள். நகலை அதே நகலோடு ஒப்பிட்டுவிட்டு, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று தினமும் கையெழுத்துப் போட்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த விபத்து. ஒரு பஸ் மோதி, பைக்கில் வந்தவர் காலை இழந்தார். பைக் எதிர்த்திசையில் வந்தது என்றார் டிரைவர். வீடியோவைப் போட்டுப் பார்த்தால், மோதலுக்குச் சற்று முன்னால் படம் சாம்பல் கட்டங்களாகச் சிதறிக் கிடந்தது. அவளுக்கு உடனே நினைவு வந்தது. அன்று கார்டு ரீடர் ஆட்டம் கண்டிருந்தது, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நகலெடுத்தாள். விபத்துக்குள்ளான பஸ்ஸின் கார்டு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மற்ற கார்டுகளோடு அதையும் அழித்தாயிற்று.

விசாரணை அதிகாரி நியாயமாகத்தான் யோசித்தார். எண் ஒத்துப்போகிறது, ஆகவே நகலில் குறையில்லை, ஆகவே டிரைவர்தான் கேமராவில் கை வைத்திருக்கிறார். நகலைச் சரிபார்த்ததாக விசாரணைத் தாளில் அவள் போட வேண்டிய கையெழுத்து ஒன்றுதான் இனி பாக்கி. அதுவும் விழுந்துவிட்டால் டிரைவருக்கு வேலை போகும், தடயத்தை அழித்ததாக வழக்கும் வரும்.

அவளுடைய மேற்பார்வையாளருக்கு ‘சரி சார்’ என்று பெயர். மேலிடத்திலிருந்து எது வந்தாலும் அவர் சொல்லும் பதில் அது. அவர் அவளைத் தனியே அழைத்து, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து யாராவது வீட்டைக் கொளுத்துவார்களா என்று கேட்டார். உண்மை வெளியே வந்தால் இத்தனை வருடப் பதிவும் சந்தேகத்துக்குள் போகும். அவளுடைய வேலை ஒப்பந்தம் இந்த மாதம் புதுப்பிக்க வேண்டியது, அதுவும் அவர் மேசையில்தான் இருக்கிறது. கணவருக்கு வேலையில்லாத வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்கள். அந்த எறும்புக்காவது பக்கவாட்டில் குதிக்க வழியுண்டு.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் டிரைவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் டிரைவர் எழுந்துகொண்டார்.

“தங்கச்சி, அந்த நம்பர் பொய் சொல்லாதுன்னு நீதானே ஒருநாள் சொன்ன. அதை நம்பித்தான் தைரியமா இருக்கேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். ஜன்னல் இல்லாத அறை. அதிகாரி தாளை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார். பக்கத்து நாற்காலியில் ‘சரி சார்’ தொண்டையைக் கனைத்தார்.

“மூலக் கோப்போட சரிபார்த்தீங்கல்ல?” என்றார் அதிகாரி, வழக்கமான கேள்வி போல.

பொய் சொல்ல வாய் திறந்தவள், பேனாவை மேசையில் வைத்துவிட்டாள்.

“இல்ல சார். நம்பரை நகல்லேர்ந்துதான் எடுத்தேன். நகலெடுக்கும்போதே படம் கெட்டிருந்தாலும் அந்த நம்பருக்குத் தெரியாது. அவர் கேமராவைத் தொட்டார்னு அதை வச்சு சொல்ல முடியாது.”

“இந்த ஒரு தடவையா?”

“தினமும் சார்.”

‘சரி சார்’ முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரி வேறொரு வெள்ளைத் தாளை எடுத்துவைத்து, நடந்ததையெல்லாம் எழுதச் சொன்னார். எழுதினால் என்ன ஆகும் என்று தெரியுமா என்றும் கேட்டார்.

“தெரியும் சார்,” என்றாள். “அவரைக் காப்பாத்துற படம் இனி எங்கயும் கிடைக்காது. அதை அழிச்சது என் கை. பார்க்காமலே ‘பார்த்தாச்சு’ன்னு போடுற கையெழுத்து பொய்சாட்சி சார். எல்லாரும் போடுறாங்கங்கிறதால அது உண்மையாகிடாது.”