கறுப்புக் குடையின் ஒடிந்த கம்பி

என்னை எல்லோரும் பலூன் என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துச் சிரித்தவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. சித்திரக்கதையில் ஆட்கள் பேசுவது ஒரு வெள்ளை வட்டத்துக்குள் வருமே, அதற்கு எங்கள் தொழிலில் பலூன் என்று பெயர். ஓவியர் படத்தை முடித்துக் கொடுத்ததும் அந்த வட்டங்களுக்குள் வசனத்தைக் கையால் எழுதுவது என் வேலை. இடம் கட்டைவிரல் அகலம் இருக்கும், வசனம் முழ நீளம் இருக்கும். இதிலேயே காலம் தள்ளியதால்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

நான் அதிகம் எழுதியது கறுப்புக் குடைக்கு. அவர் ஒரு துப்பறிபவர். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். அவரை உண்டாக்கிய எழுத்தாளரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவர் அல்ல. ஆனால் கூடப் பிறந்தவர்களை எவ்வளவு திட்டலாமோ அவ்வளவு திட்டியிருக்கிறேன்.

அன்று காலை பதிப்பகத்தின் மாடிப்படியில் பாதி ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்குகிறதாக்கும் என்று நானும் நின்றேன்.

"பலூன், இன்னைக்கு மீட்டிங் முடிஞ்சதும் சின்ன முதலாளிகிட்ட சொல்லிடப் போறேன். இனிமே நான் எழுதலை."

"ஏன், கை வலிக்குதா? எனக்குத்தான் வலிக்கணும்."

"விளையாடாத. இன்னைக்கு எதைத் தலையில தூக்கி வெச்சு ஆடப்போறாங்கன்னு உனக்கே தெரியும். அது என் கதை இல்லையே."

யார் காதிலாவது விழுந்ததா என்று மேலும் கீழும் எட்டிப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். பெரிய முதலாளி காலமான பிறகு பொறுப்புக்கு வந்த அவர் மகன், கறுப்புக் குடையின் கதைகளில் சிறந்தவற்றை மட்டும் எடுத்து ஒரு கெட்டி அட்டைத் தொகுப்பு போட நினைத்தார். எது சிறந்தது, எது மோசம் என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்யத்தான் அன்றைய கூட்டம். சிறந்தது எது என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது: 'காணாமல் போன படிகள்'. ஆனால் அந்தக் கதையில் ஒரு தவறு நடந்திருக்கிறது. அண்ணாவுக்கும் எனக்கும்தான் அது தெரியும்.

எங்கள் புத்தகத்தில் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைத்து, முதுகில் பின் அடிப்பார்கள். 'படிகள்' அச்சானபோது நட்டநடுவில் இருக்க வேண்டிய தாளையும் அதற்கு வெளியே இருக்க வேண்டிய தாளையும் இடம் மாற்றி அடுக்கிவிட்டார்கள். பக்க எண் இருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். எண் போட்டால் படத்தின் அழகு கெடும் என்று ஓவியர் ஒற்றைக்காலில் நின்றதால் எங்கள் புத்தகங்களில் அது கிடையாது. ஓவியரோ அச்சான புத்தகத்தைத் திறந்தே பார்க்காத மனிதர். புத்தகமெல்லாம் கடைக்குப் போன பிறகுதான் அண்ணா பார்த்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு பாராட்டு வர ஆரம்பித்தது. காலத்தை மடித்து விளையாடியிருக்கிறார், மர்மத்தை முன்னாலேயே உடைத்து நம்மைக் கலங்கடிக்கிறார் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். பெரிய முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "வாயைத் திறக்காதீங்க" என்றார். திறக்கவில்லை. அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்தடுத்த கதைகளில் அண்ணா அதையே வேண்டுமென்றே செய்து பார்த்தார். முடிவை முதலில் வைப்பார், நடுவை ஓரத்துக்குத் தள்ளுவார். எழுதும் எனக்கே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாது. விட்டெறிந்த பேனாக்களுக்கு அளவில்லை.

"வாங்க, மேல போவோம். அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். இந்த மனிதர் எழுதாமல் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மேலே சின்ன முதலாளியோடு இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார். வாசகர் தரப்பில் ஒருவர் வேண்டுமே என்று வரவழைத்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மடியில் ஒரு துணிப்பை. குரலைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு புத்தகம் வெளிவந்ததும் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கிழி கிழி என்று கிழிக்கும் ஆசாமி. போனை எடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது பெரும்பாலும் நான்தான்.

அவர் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, என் கண்ணாடியை.

"லென்ஸ் இப்படிக் கீறிக் கிடக்கே, எப்படிம்மா எழுதறீங்க?"

"படிக்கறவங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்றேன்.

"கசப்பை முதல்ல முழுங்கிடலாம்" என்று சின்ன முதலாளி ஆரம்பித்தார். "எது ரொம்ப மோசம்?"

"'நேற்று நடக்கப் போவது'தான்" என்றார் கண்ணாடிக்காரர், கேள்வி முடிவதற்குள். "வில்லன் முதல் பக்கத்துல செத்துட்டான். நாலு பக்கம் தள்ளி டீ குடிக்கிறான். நான் அவன் தம்பியாக்கும்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா அவனுக்குத் தம்பியே இல்ல."

சின்ன முதலாளி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதும்போதே நான் வாய் வலிக்கத் திட்டிய கதை அது. ஆனால் நான் திட்டலாம். இவர் யார் திட்ட?

"அதுல அந்த ரயில் சண்டை எவ்வளவு நல்லா இருக்கும்!" என்று ஒரு போடு போட்டேன்.

"நல்லாத்தான் இருக்கும். எதுக்குச் சண்டைன்னு சொல்லுங்க."

எனக்கும் தெரியாது. மின்விசிறி சத்தம் போடுகிறது என்று எழுந்து போய் அதைக் குறைத்துவிட்டு வந்தேன்.

"'கண்ணாடிக் கிணறு', 'ஏழு நிழல்', அதுக்கப்புறம் வந்ததெல்லாம் அதே கதைதான்" என்று அவர் அடுக்கினார். "அரைச்ச மாவையே அரைக்கறாரு. அதுவும் தலைகீழா நின்னுக்கிட்டு அரைக்கறாரு. கோவிச்சுக்காதீங்க சார், உங்க மேல இருக்கற பிரியத்துலதான் சொல்றேன்."

"சரி, நல்லதுக்கு வருவோம்" என்று சின்ன முதலாளி குறுக்கே விழுந்தார். தனக்குப் பிடித்தது 'பாலத்தில் ஒரு பல்செட்' என்றார். சின்ன வயதில் அதைப் படித்துவிட்டு அப்பாவின் பல்செட்டை ஒளித்து வைத்து அடி வாங்கினாராம். நான் 'ஊமை வானொலி' என்றேன். காரணம் கேட்டார்கள். அதில் வசனம் குறைவு, என் கைக்கு ஓய்வு கொடுத்த ஒரே கதை என்று உண்மையைச் சொன்னேன்.

"காணாமல் போன படிகள்" என்றார் கண்ணாடிக்காரர். இந்த முறை குரலை உயர்த்தவில்லை. "மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்."

நான் பயந்தது வந்துவிட்டது. அண்ணா நிமிர்ந்தார்.

"அது என் கதை இல்லைங்க."

"அண்ணா" என்றேன்.

"இருக்கட்டும், சொல்லிடறேன்." சொல்லியும் விட்டார். தாள் இடம் மாறியது, பெரிய முதலாளி வாயைத் திறக்காதே என்றது, எல்லாவற்றையும். "நான் எழுதினது சாதாரண நேர்கோட்டுக் கதை. பைண்டிங்ல நடந்த தப்பைத்தான் நீங்க எல்லாரும் பாராட்டறீங்க. அதுக்கப்புறம் அந்தத் தப்பை நானே செய்யப் பாத்தேன், வரலை. என்னோடதுன்னு மிச்சம் இருக்கறதெல்லாம் நீங்க இப்ப கிழிச்சீங்களே, அதுதான். அதனால இனிமே..."

"சார், இதை வெளியில எங்கயும் சொல்லிடாதீங்க" என்று சின்ன முதலாளி பதறினார். அசல் அப்பா பிள்ளை.

கண்ணாடிக்காரர் பதறவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அண்ணாவைப் பார்த்தார்.

"எல்லாப் பிரதியிலயும் அப்படித்தானா?"

"எல்லாத்துலயும்தான்."

"நான் என் புத்தகத்துல மட்டும்தான்னு நெனச்சுட்டேனே!"

துணிப்பையிலிருந்து பழைய 'படிகள்' ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன் முதுகில் பின் இல்லை. கறுப்பு நூலால் தைத்திருந்தது.

"வாங்கின அன்னைக்கே பாத்தேன் சார். கறுப்புக் குடை படியில தடுக்கி விழறப்ப குடைக் கம்பி ஒடியும் இல்லையா? என் புத்தகத்துல கம்பி முதல்ல ஒடிஞ்சிருந்தது, அடுத்த பக்கம் நேரா இருந்தது, மறுபடி ஒடிஞ்சிருந்தது. ஓவியர் இப்படித் தப்புப் பண்ண மாட்டாரே, பைண்டிங்லதான் ஏதோ கோளாறுன்னு பின்னைக் கழட்டினேன். நடுத்தாளையும் அதுக்கு வெளித்தாளையும் மாத்தினதும் எல்லாம் சரியாப் போச்சு. கடைக்காரன்கிட்ட வேற புத்தகம் கேட்டிருக்கலாம். கூச்சமா இருந்துச்சு. நானே தைச்சுக்கிட்டேன்."

அண்ணா புத்தகத்தை இழுத்து அந்த நூலைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப நீங்க இத்தனை வருஷமா..." என்று அண்ணா ஆரம்பித்தார்.

"நீங்க எழுதின வரிசையிலதான் படிச்சுக்கிட்டு இருக்கேன். காலத்தை மடிச்சாரு, சுருட்டினாருன்னு ஆளாளுக்குப் பேசுவாங்க. எனக்கு ஒண்ணும் புரியாது. நேராத்தானே போகுது கதைன்னு நெனச்சுப்பேன். விவரம் தெரிஞ்சவங்க ஏதோ பேசறாங்க, நமக்கு எதுக்கு வம்புன்னு வாயை மூடிக்குவேன்."

"நேராப் போற கதையில அப்படி என்ன கண்டீங்க?" என்றார் அண்ணா.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க! ஒரு கிழவர் வந்து, என் வீட்டு மாடிப்படியை தினம் ஒண்ணா யாரோ திருடறாங்கன்னு புகார் குடுக்கறாரு. கறுப்புக் குடையோட சேந்து நாமளும் அவரைக் கேலி பண்றோம். படி இல்லாத இடத்துல கறுப்புக் குடை விழறாரு, சிரிக்கறோம். அப்புறம்தானே தெரியுது, கழட்டறது அந்தக் கிழவரேதான்னு. மேல அவரோட செத்துப்போன மகளோட ரூம். ஏறிப் போய்ப் பாக்காம அவரால இருக்க முடியலை. பாத்துட்டு இறங்கவும் முடியலை. இனிமே ஏறவே முடியாம இருக்கட்டும்னுதான் தினம் ஒரு படியா கழட்டறாரு. சிரிச்ச வாயை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாமப் போயிடும் எனக்கு. இதை முன்னாலயே சொல்லிட்டா நாம எப்படிச் சிரிப்போம்? சிரிக்காம எப்படி வெக்கப்படுவோம்?"

கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கிழவர் பக்கத்தில் கறுப்புக் குடை உட்கார்ந்திருக்கிறார். அவர் தலைக்கு மேல் ஒரு பலூன், உள்ளே ஒன்றும் இல்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எழுத எதுவும் இல்லையென்றால் எதற்கு வட்டம் என்று அண்ணாவோடு அப்படிச் சண்டை போட்டிருக்கிறேன்.

"எங்க அப்பா போனப்புறம் அம்மா தினமும் கடைக்கு வந்து, அவர் உக்காந்திருந்த ஸ்டூலைத் துடைச்சுக்கிட்டே இருப்பாங்க. ஏம்மா, ஏம்மான்னு கேட்டு உயிரை வாங்கினேன். இந்தப் பக்கத்தைப் பாத்தப்புறம் கேக்கறதை விட்டுட்டேன். நானும் ஒரு துணியை எடுத்துக்கிட்டு பக்கத்துல உக்காந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அதைத் தாளை மாத்தி அடுக்கினவன் எழுதலை சார்."

இத்தனை வருஷம் இந்த மனிதரின் போனை எடுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தேனே என்று இருந்தது.

அண்ணா புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார். "அப்ப, 'நேற்று நடக்கப் போவது'?"

கண்ணாடிக்காரர் தயங்கினார். "அதையும் பிரிச்சேன் சார். அதுலயும் தாள் மாறியிருக்கும்னு நெனச்சு எப்படி எப்படியோ அடுக்கிப் பாத்தேன்." கையை விரித்தார். "தேறலை."

முதலில் சிரித்தது அண்ணாதான். மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தும் நிறுத்தவில்லை. சின்ன முதலாளி பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"தொகுப்புல 'படிகள்' தாளை எந்த வரிசையில சார் போடறது?" என்று அவர் கேட்டதற்கு அண்ணா அந்தத் தைத்த புத்தகத்தைத் தொட்டுக் காட்டினார். "இவர் வரிசையில. பக்க எண்ணோட." ஓவியரிடம் யார் சொல்வது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சண்டை என்றால் இந்த அலுவலகத்தில் வேறு யார்?

கிளம்பும்போது அண்ணா அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதை நான் ஒருதரம் படிச்சுக்கட்டுமா? சரியான வரிசையில அச்சுல நான் பாத்ததே இல்லை" என்றார்.

"கடனாத்தான் சார். நூல் பழசு, மெதுவாத் திருப்புங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கடைக்கு வாங்கம்மா, லென்ஸ் மாத்தித் தரேன்" என்றார். வருகிறேன் என்றேன்.

அண்ணாவால் வீடு வரைக்கும் பொறுக்க முடியவில்லை. காலையில் நின்ற அதே படியில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தார். தாள் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஏறியவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எழுதலைன்னு சொல்லப்போறதா சொன்னீங்களே என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. சுவர் ஓரமாக ஒடுங்கி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கிழவர் புகார் கொடுத்தார். அண்ணா லேசாகச் சிரித்தார். குடைக் கம்பி ஒடிந்தது. அதன் பிறகு அது நேராகவே இல்லை. கடைசிப் பக்கம் வந்ததும் அந்தக் காலி வட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன், இல்ல?"

அவருடைய அத்தனை கதைகளுக்கும் வசனம் எழுதியவள் நான். நீளம் என்றிருக்கிறேன், குழப்பம் என்றிருக்கிறேன், கை ஒடிகிறது என்றிருக்கிறேன்.

"நல்லா இருக்குண்ணா" என்றேன். அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.