வலது கைக் கையெழுத்து

ரோட்டோரம் நின்ற காரில் இருந்தவன் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தான். பைக்கில் வந்த தையல்காரி அதில் மோதி விழுந்ததில் இடது மணிக்கட்டு நொறுங்கிப் போனது. நஷ்டஈடு கேட்டு இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

"இடது கைதானேம்மா?" என்றார் அதிகாரி, முதல் நாளே.

"நான் இடதுகைக்காரி சார். கத்தரிக்கோல் பிடிக்கிற கையே அதுதான்."

வலது கையால் அவள் கோணல்மாணலாகப் போட்ட கையெழுத்து, பழையதோடு ஒத்துப்போகவில்லை என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினார். அவளும் விடவில்லை. கடையில் கிடந்த துண்டுத்துணியிலெல்லாம் சாக்பீஸால் எழுதி எழுதிப் பழகினாள்.

இன்று கையெழுத்து அச்சு அசலாக விழுந்தது.

"முத்து முத்தா இருக்கேம்மா!" என்றார் அதிகாரி. "வலது கைதான் இவ்வளவு நல்லா வேலை செய்யுதே. அப்புறம் தொழில் போச்சுன்னு நான் எப்படி எழுதறது?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து வலது கையில் மாட்டினாள்.

"சட்டையைக் கழட்டிக் குடுங்க சார். இந்தக் கையாலயே வெட்டித் தைச்சுத் தரேன். நாளைக்கு அதைப் போட்டுக்கிட்டு ஆபீஸுக்கு வாங்க."