கலகலப்புக்கு ஒரு மார்க்

விடுதி மேனேஜருக்கு அந்த மாதம் முழுக்க ஒரே ஒரு எண்தான் கண் முன்னால் நின்றது. ஐந்து புள்ளி ஒன்பது. பல் துலக்கும்போதும் அதுதான், போர்வை மடிக்கும்போதும் அதுதான். முப்பதாம் தேதி சாயங்காலத்துக்குள் அது ஆறு ஆகிவிட்டால் பிழைத்தார். ஆகாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

மேனேஜர் என்றதும் கோட்டும் சுழல் நாற்காலியும் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டு படுக்கை கொண்ட தங்கும் விடுதி அது. ஒரே பெரிய அறையில் ஆறு அடுக்குக் கட்டில், மேலே ஒருவர், கீழே ஒருவர். விரிப்பு மாற்றுவது, குளியலறை தேய்ப்பது, சாவி கொடுப்பது, அடைத்துக்கொண்ட குழாயில் கம்பி விட்டுக் குடைவது எல்லாம் இவரேதான். மாடிப்படிக்கு அடியில் இருந்த அறைதான் வீடு. வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. காலியான அலமாரியைக்கூடப் பூட்டாமல் விட மாட்டார் என்பதால் வந்து தங்குகிறவர்கள் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

கட்டடம் அவருடைய அக்காவுடையது. அக்கா இருந்தவரை இந்தப் பிரச்சினையே கிடையாது. முன்கூடத்தில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசுவாள். எந்த ஊர், என்ன வேலை, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டுக் கதையைக் கறந்துவிடுவாள். தம்பி பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருப்பார். பேச்சு அவளுக்கு, பூட்டு இவருக்கு என்று சொல்லாமலே பிரித்துக்கொண்ட வேலை. அக்கா போய் நான்கு வருஷம் ஆகிறது. அந்த நாற்காலியை அவர் தினமும் துடைக்கிறார். உட்கார்ந்ததில்லை.

இப்போது சொந்தக்காரி அக்கா மகள். வேறு ஊரில் வேலை. ஆட்கள் வருவது புக்கிங் தளம் வழியாகத்தான். தங்கிவிட்டுப் போகிறவர்கள் அதில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். சுத்தம், பாதுகாப்பு, இருப்பிடம், வசதி, பணியாளர், காசுக்குத் தகுமா என்று ஆறு பிரிவு. நான்கு மாதத்துக்கு முன்னால், எங்கேயோ குளுகுளு அறையில் உட்கார்ந்திருந்த ஒரு மகாபுத்திசாலி கடைசிப் பிரிவைத் தூக்கிவிட்டுக் 'கலகலப்பு' என்று ஒன்றைப் போட்டுவிட்டான். 'இங்கே பிறரோடு பேசிப் பழக முடிந்ததா?' என்று அடியில் ஒரு விளக்கம் வேறு. இந்த முப்பதாம் தேதி எந்தப் பிரிவாவது ஆறுக்குக் கீழே இருந்தால் தளம் கொடுத்திருக்கும் பச்சை டிக் போய்விடும். பச்சை டிக் போனால் விடுதி மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடும். மூன்றாம் பக்கத்தை எவன் பார்க்கிறான்?

அக்கா மகள் சனிக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள்.

"மாமா, சுத்தம் ஒன்பது புள்ளி ஆறு. பாதுகாப்பு ஒன்பது புள்ளி ஏழு. கலகலப்பு மட்டும் ஏன் மாமா இப்படி?"

"நான் என்னம்மா பண்றது? டான்ஸா ஆட முடியும்?"

"ஆட வேணாம். கொஞ்சம் பேசுங்க மாமா. அம்மா பேசுவாங்கல்ல."

இவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். அவளே தொடர்ந்தாள்.

"பச்சை டிக் போச்சுன்னா என்னால சமாளிக்க முடியாது மாமா. ஒரு கம்பெனிக்காரங்க கேட்டுட்டே இருக்காங்க. அவங்களே எடுத்து நடத்துவாங்களாம். வாசல்ல நம்பர் பூட்டு, மத்தது எல்லாம் போன்லயே. மேனேஜர் வேணாம்கறாங்க. முப்பதாம் தேதி வரைக்கும் பாக்கலாம்."

"சரிம்மா."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

அவள் மோசமான பெண் இல்லை. ஆனால் இந்த மார்க் வந்ததிலிருந்து அவள் பேச்சு முழுக்க மார்க்தான். சின்ன வயதில் அவளுடைய மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டவர் இவர். கணக்கில் முப்பத்தெட்டு வாங்கி வந்தபோது அம்மாவுக்குத் தெரியாமல் போட்டுக் கொடுத்தவர். இப்போது அவள் சனிக்கிழமைதோறும் இவருடைய மார்க்கை வாசிக்கிறாள், இவர் தலை குனிந்து கேட்கிறார்.

சும்மாவும் இருந்துவிடவில்லை மனிதர். முன்கூடத்தில் ஆறு நாற்காலியை வட்டமாகப் போட்டார். சதுரங்கப் பலகை வாங்கி வைத்தார். சுவரில் ஒரு தாளை ஒட்டினார்: 'கலகலப்பு நேரம், மாலை 6.00 முதல் 6.45 வரை.' நேரம் குறிக்காமல் அவரால் எதையும் செய்ய முடியாது. ஆறு மணிக்கு டீயை ஊற்றி வைத்துவிட்டு, கையில் சாவிக்கொத்தோடு வாசல் பக்கம் நின்று, பரீட்சை ஹாலில் வாத்தியார் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துச் சத்தமில்லாமல் டீ குடித்தார்கள். பரீட்சை எழுத வந்திருந்த ஒரு பெண் மட்டும் மெல்ல எழுந்து வந்து, "சார், இது கட்டாயமா?" என்று கேட்டாள். அதோடு தாளைக் கிழித்துவிட்டார்.

இருபத்தெட்டாம் தேதி பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். இதுவரை கலகலப்புக்கு மார்க் போட்டவர்கள் நாற்பது பேர். கூட்டினால் இருநூற்று முப்பத்தாறு. முப்பதாம் தேதிக்குள் கிளம்பப்போகிறவர் ஒரே ஒருவர். அவர் பத்து போட்டால் சரியாக ஆறு. ஒன்பது போட்டால்கூடப் போதாது. பேப்பரைத் திருப்பிப் போட்டு மறுபடி கணக்குப் பார்த்தார். அதே விடைதான்.

அந்த ஒருவர் யார் என்று பார்க்க ரிஜிஸ்டரைப் புரட்டினார். தராசுக்காரர்.

கடை கடையாகப் போய் எலக்ட்ரானிக் தராசுகளைச் சோதித்து, சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து முத்திரை ஒட்டுகிற வேலை அவருக்கு. ஒன்பது வருஷமாக மாதக் கடைசியில் வந்து மூன்று நாள் தங்குவார். நான்காம் நம்பர் கீழ்ப்படுக்கை. எடைக்கற்கள் வைத்த கனத்த பை ஒன்று, துணிப்பை ஒன்று. வணக்கம், சாவி, துண்டு வேணுமா, வேணாம், வரேன். அக்கா போன இந்த நான்கு வருஷத்தில் இருவரும் பேசியது இவ்வளவுதான். அவருடைய மார்க்கும் மாறியதே இல்லை. ஐந்து பிரிவுக்குப் பத்து. கலகலப்புக்கு ஒன்று. அந்தப் பிரிவு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் அந்த ஒன்று விழுந்துகொண்டே இருந்தது. பெயர் தெரியாவிட்டால் என்ன, எந்தத் தேதி, எத்தனை இரவு, எந்தப் படுக்கை என்று தளமே போட்டுக் காட்டுகிறதே.

இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் தராசுக்காரர் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேனேஜர் டீயோடு போய் நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தத் தடவை கலகலப்புக்குப் பத்து போட முடியுமா?"

தராசுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. என் அக்கா மகள், கம்பெனி, நம்பர் பூட்டு, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் என் அறை. வாயைத் திறந்தார்.

"சும்மாதான். இருந்தா நல்லாருக்கும்னு."

"இருக்கறதத்தான் போட முடியும் சார். ஒண்ணும் வைக்காத தராசு பத்து கிலோ காட்டினா முத்திரை ஒட்டுவேனா?" கோபமாகச் சொல்லவில்லை, வேலை விவரம் சொல்கிற மாதிரி சொன்னார். "ஜீரோ போட அதுல இடம் இல்ல. அதனாலதான் ஒண்ணு."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. "நீங்களுந்தான் என்கிட்ட பேசினதில்ல."

"ஆமா. அதையும் சேத்துத்தான் போட்டேன்."

மேனேஜர் உள்ளே போய், ஏற்கெனவே பூட்டியிருந்த அலமாரியை இழுத்துப் பார்த்தார். வீம்பு பிடித்த மனுஷன் என்று முணுமுணுத்தார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை. பத்து மணிக்குப் பஸ். ஒன்பது மணிக்குத் தராசுக்காரர் எடைக்கல் பையைத் தூக்கினார், பையின் காது பிய்ந்துகொண்டு கையோடு வந்துவிட்டது. மேனேஜர் பையை வாங்கி, சமையல்கட்டில் உட்கார்ந்து, கோணி ஊசியும் தடித்த நூலும் எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். தராசுக்காரர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். பை இல்லாமல் எங்கே போவார்?

கையில் வேலை இருந்ததால் மேனேஜருக்கு வாய் கொஞ்சம் அவிழ்ந்தது.

"உங்க கம்பெனி ஓட்டல் ரூம் தராதா?"

"தரும். தனி ரூமே எடுத்துக்கலாம்." தராசுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீட்டுல தனியாத்தான் கெடக்கறேன். மூணு நாளாவது பக்கத்துல யாராவது குறட்டை விட்டாத் தேவலாம்னு இருக்கு. அதுக்காகத்தான் இங்க வர்றது."

மேனேஜரின் ஊசி நின்றது. "நான் உங்களுக்குத் தனிமைதான் பிடிக்கும்னு நினைச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. உங்கக்கா மட்டுந்தான் நினைக்கல. நான் வந்த முதல் நாளே, 'என்ன தம்பி, பையில கல்லு வச்சிருக்கியா'ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். நம்பவே இல்ல. திறந்து காட்டினேன்."

மேனேஜர் சிரித்துவிட்டார். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது, பாதியில் இருமலாகிப் போனது. அக்கா அன்று ராத்திரி சாப்பிடும்போது அதைச் சொன்னதும், 'பாவம், கல்லைச் சுமந்துக்கிட்டு ஊர் ஊரா அலையறான்' என்று வருத்தப்பட்டதும் அவருக்கு நினைவு வந்தது. அதைச் சொன்னார். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம், விடுதியில் யார் யார் இருக்கிறார்கள் என்று படுக்கை நம்பர் வாரியாக விசாரித்ததையும் சொன்னார். நான்காம் நம்பர் காலியா என்று கேட்டாளாம். தராசுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

தையல் முடிந்தது. இப்போது சொல்லிவிடலாம், இதைவிட நல்ல நேரம் வராது என்று மேனேஜருக்குத் தெரிந்தது. பையைத் தூக்கிப் பார்த்தார். "தாங்கும்" என்றார். அவ்வளவுதான் வந்தது. தராசுக்காரர் வாசல் வரை போய், திரும்பி ஒரு முறை தலையசைத்துவிட்டுப் போனார்.

பகல் ஒன்றரைக்குப் போன் டொக்கென்றது. மார்க் வந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்தார். சுத்தம் பத்து. பாதுகாப்பு பத்து. இருப்பிடம், வசதி, பணியாளர் பத்து, பத்து, பத்து. கலகலப்பு நான்கு.

முதலில் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பை தைத்துக் கொடுத்ததற்கு நான்கா! பிறகு அந்த நான்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் பேசியதற்கு நான்கு. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பேசாமல் விட்ட வருஷங்களுக்கு மீதி ஆறு போலிருக்கிறது. நியாயந்தான் என்று பட்டது, பட்டதும் அழுகை வந்தது.

ஐந்து மணிக்கு அக்கா மகள் கூப்பிட்டாள். சனிக்கிழமை இல்லை அது.

"மாமா, அஞ்சு புள்ளி எட்டு அஞ்சு."

"பாத்தேன்மா."

"யாரோ நாலு போட்டிருக்காங்க. யாரு மாமா அது?"

"தெரிஞ்சவர்தான். சரியாத்தான் போட்டிருக்கார்."

அவள் அழுகிறாள் என்று மூச்சில் தெரிந்தது. "நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க மாமா. சுத்தம் ஒன்பது புள்ளி ஆறு." அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது. கம்பெனி ஆட்கள் நாளைக்கே வருவார்கள், ஒரு வாரம் டைம் கேட்டிருக்கிறேன், அதற்குள் உங்களுக்கு ஒரு இடம் பார்க்கலாம் என்றாள். சரிம்மா, சரிம்மா என்றார்.

போனை வைத்துவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்தார். தங்குகிறவர்கள் எல்லோருடைய நம்பரும் அதில் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவரையும் கூப்பிட்டதில்லை. நான்காம் படுக்கைக்கு எதிரில் இருந்த நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினார்.

"ஹலோ." பின்னால் பஸ் இரைந்தது.

"நான் விடுதியிலேர்ந்து பேசறேன்."

"சொல்லுங்க சார். எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?"

"இல்ல. நாலு போட்டிருந்தீங்க."

"ஆமா. போன தடவைக்கு மூணு அதிகம்."

அப்போதுதான் மேனேஜர் சொன்னார். பச்சை டிக், ஆறு, கம்பெனி, நம்பர் பூட்டு, ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டிய அறை. முன்பின்னாகச் சொன்னார், திணறிச் சொன்னார், ஆனாலும் முழுக்கச் சொல்லி முடித்தார். பஸ் எங்கேயோ நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பியது கேட்டது.

"இத ஏன் நேத்தே சொல்லல?"

"சொல்லியிருந்தா பத்து போட்டிருப்பீங்களா?"

தராசுக்காரர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார்.

"மாட்டேன்" என்றார். "ஆனா இன்னும் ரெண்டு நாள் இருந்திருப்பேன்."

மேனேஜருக்குச் சாவிக்கொத்து கையில் கனத்தது. அதை மேசைமேல் வைத்தார். முன்கூடத்தில் ஒருவரும் இல்லை, வட்டமாகப் போட்ட ஆறு நாற்காலியும் காலி. ஜன்னல் பக்கத்து நாற்காலியில், அக்காவின் நாற்காலியில், போய் உட்கார்ந்தார்.

"இருக்கீங்களா சார்?"

"இருக்கேன்."

"நான் ஊர் போய்ச் சேர இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. பேசுங்க."

எங்கே ஆரம்பிப்பது என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. அக்கா எப்படி ஆரம்பிப்பாள் என்று யோசித்துப் பார்த்தார்.

"டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார்.