ஈ மொய்க்காத அன்னக்கூடை

பவுனம்மாளின் அன்னக்கூடையில் ஈ மொய்ப்பதில்லை. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் காலை பஸ்ஸில் கடைசி சீட்டுக்குப் பின்னால் எங்கள் மீன் கூடைகளை வரிசையாக வைத்திருப்போம். என் கூடையில் ஈ, கூட வரும் ஹேமாவதி கூடையில் ஈ. நடுவில் ஈரச் சாக்கு போட்டு மூடிய பவுனம்மாள் கூடையில் மட்டும் ஒன்றுகூட உட்காராது. ஈக்குத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியாமல் போகலாமா?

நான் குப்பம்மா. இருபது வருஷமாக மீன் விற்கிறேன். எந்த வீட்டில் என்ன குழம்பு என்று தெருமுனையிலேயே சொல்லிவிடுவேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறாள் என்று என்னைத் திட்டாத ஆள் எங்கள் குப்பத்தில் இல்லை. திட்டட்டும், எனக்கென்ன.

பவுனம்மாள் எங்கள் தெருதான். புருஷன் கருப்பனை முகத்துவாரத்தில் அலை அடித்துக்கொண்டு போய் மூன்று வருஷமாகிறது. ஏரியில் முறை வைத்து வலை விடுவதைப் பாடு என்போம். அது ஆண்களுக்குத்தான். ஆண்பிள்ளை இல்லாத வீடென்று அவன் முறையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரே மகள் அர்ச்சனா சென்னையில் நர்ஸ் படிப்பை முடிக்கப்போகிறாள். காசிமேட்டில் மாப்பிள்ளையும் பேசியாயிற்று. பெண்ணின் அம்மாவுக்கு மீன் வியாபாரம் என்று சொல்லித்தான் பேசினார்கள். ஆனால் நாங்கள் மீன் எடுக்கும் ஏலத்தில் ஒரு நாள்கூட அவளை நான் பார்த்ததில்லையே! அப்படியென்றால் இவள் எந்த மீனை விற்கிறாள்?

ஒரு செவ்வாய்க்கிழமை என் ஸ்டாப் வந்தும் நான் இறங்கவில்லை. பவுனம்மாள் திருப்பாலைவனத்தில் இறங்கினாள். நானும் பத்துக் கிலோ மீனைத் தலையில் வைத்துக்கொண்டு, சுவரோரமாகப் பதுங்கிப் பதுங்கிப் பின்னாலேயே போனேன். போலீஸ்காரன்கூட அப்படிப் போகமாட்டான். கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் நுழைந்தாள். கூடையிலிருந்து ஒரு கிழிந்த புடவையை எடுத்து மேலே சுற்றிக்கொண்டாள். முக்காடு போட்டாள். கோயில் வாசலில் கையேந்தி உட்கார்ந்திருந்தவர்களோடு போய் உட்கார்ந்து, தட்டை முன்னால் வைத்தாள்.

"உங்களால முடிஞ்சது குடும்மா..."

அட கடவுளே! அதற்குள் அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து குளத்துப் பக்கம் வந்தாள்.

"இன்னாடி பவுனு இது? நம்ம கரையில கேட்டா போட மாட்டாங்களா?"

படகு கரை சேரும்போது கதியில்லாதவர்கள் போய் நின்றால் ஒரு கை மீன் போடுவது எங்கள் வழக்கம். அதை யாரும் பிச்சை என்று சொல்வதில்லை.

"நின்னேனே, ஒரு வருஷம் நின்னேன். போட்டவங்க ஒரு வார்த்தை சொல்லல. ஒருத்தி மட்டும் தெனம் கேப்பா. 'இன்னா பவுனு, இன்னிக்கும் வந்துட்டியா?'ன்னு. சுத்தி இருக்கறவங்கல்லாம் திரும்பிப் பாப்பாங்க. இங்க என்னை யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

"எவடி அவ? சொல்லு, அவ நாக்க அறுத்துடறேன்!"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையில் அவளை அப்படிச் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், சத்தியமாக. கேட்டு முடித்ததும் மறந்தும் போயிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று என் மீன் பாதி கெட்டுப்போயிற்று.

நான்கு நாள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஐந்தாம் நாள் பொழுது சாயும் நேரம் பவுனம்மாள் என் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"மாப்பிள்ளையோட அத்தை நாளைக்கு வராங்களாம். நான் மீன் விக்கற எடத்துலயே வந்து பாக்கறாங்களாம். தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும் குப்பம்மா. அர்ச்சனாவுக்கே இது தெரியாது."

"அழாத. நாளைக்கு மார்க்கெட்ல என் பக்கத்துல குந்து."

மறுநாள் என் மடவை மீனில் பாதியை அவள் பக்கம் தள்ளினேன். ஐந்து கூறு வைக்கச் சொன்னேன். "கூறு நூத்தம்பது சொல்லு. நூறுக்குக் கீழ எறங்காத." அவள் உதட்டுக்குள்ளேயே நூத்தம்பது, நூத்தம்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு அத்தை பொன்னியம்மாள் வந்தாள். காசிமேட்டுக்காரி. குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்த பார்வையிலேயே மீன் தெரிந்தவள் என்று தெரிந்துவிட்டது. குசலம் விசாரித்த பிறகு ஒரு கூறைக் காட்டினாள்.

"மீனு நல்லாகீது. இது இன்னா விலை?"

பவுனம்மாள் நிமிர்ந்தாள். அவள் கை தானாக விரிந்து நீண்டது.

"உங்களால முடிஞ்சது குடும்மா."

அதே குரல். கோயில் வாசலில் கேட்ட அதே குரல். பொன்னியம்மாளின் புருவம் சுருங்கியது. எந்த ஊர் மீன்காரி இப்படி விலை சொல்வாள்?

"ஏய் பவுனு!" என்று நான் போட்ட சத்தத்தில் நாலு கடைக்காரர்கள் திரும்பினார்கள். "சம்பந்தி வூட்டு ஆளுன்னா உனக்கு விலை சொல்ல வாய் வராதா? அஞ்சு ரூபா கொறைச்சுக் கேட்டா எங்கள இன்னா கத்து கத்துவ! பாத்தீங்களாம்மா இவ ஓரவஞ்சனைய?"

பொன்னியம்மாள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அதெல்லாம் வேணாம் சம்பந்தி, வியாபாரம் வியாபாரமா இருக்கட்டும்" என்று இருநூறு ரூபாயை அந்தக் கையில் வைத்தாள். பவுனம்மாள் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போணி ஆனால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம்.

அத்தை பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பவுனம்மாள் இன்னும் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூத்தம்பதுதானே விலை? மேல அம்பது குடுத்தாங்களே குப்பம்மா. அது பிச்சைதானே?"

நான் மீதி நாலு கூறின்மேல் தண்ணீர் தெளித்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஏலத்துக்குப் போனேன். கூட்டத்துக்குப் பின்னால் பவுனம்மாள் அன்னக்கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த நோட்டு கையில் மடித்தபடி இருந்தது. சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 'இன்னா பவுனு' என்று என் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். கொஞ்சம் நகர்ந்து, என் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டேன்.